நோய் குறைந்ததா, தேடுவது குறைந்ததா? நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைக் கண்காணித்து மதிப்பிடும் வழி

ஒரு பகுதியில் ஜனவரியில் 40 பேருக்கு மலேரியா, ஏப்ரலில் 18 பேருக்கு என்று ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, கூட்டத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். இப்போது பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். ஜனவரியில் 800 பேருக்கு ரத்தப் பரிசோதனை நடந்திருக்கிறது, ஏப்ரலில் 300 பேருக்குத்தான். நூற்றுக்கு 5 என்று இருந்தது நூற்றுக்கு 6 ஆகியிருக்கிறது. நடுவில் டெஸ்ட் கிட் தீர்ந்துபோனது, அவ்வளவுதான் நடந்தது. சரி, அப்படியானால் நோய் கூடிவிட்டது என்று உடனே முடிவு கட்டலாமா என்றால் அதுவும் முடியாது, ஏனென்றால் கிட் தட்டுப்பாடாக இருக்கும்போது நன்றாக முடியாமல் வருகிறவர்களுக்கு மட்டும்தான் பரிசோதனை செய்வார்கள், அப்போது விகிதம் தானாகவே ஏறும். ஆகவே நோயாளி எத்தனை, பரிசோதனை எத்தனை, கிட் ஸ்டாக் எத்தனை என்று மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று சொல்ல முடியும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எண்ணிக்கை இறங்கினால் சந்தோஷப்படும் முன்னால் தேடல் இறங்கியதா என்று கேளுங்கள். ஏறினால் பயப்படும் முன்னால் தேடல் கூடியதா என்று கேளுங்கள். 1973 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஊர் ஊராகப் போய்ப் பெரியம்மையைத் தேடினார்கள். அதுவரை எந்தக் கணக்கிலும் வராத ஆயிரக்கணக்கான நோயாளிகள் தெரியவந்தார்கள். வெறும் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அது திட்டத்தின் தோல்வி மாதிரித் தெரிந்திருக்கும். நாடு பெரியம்மையிலிருந்து விடுபட்டது அந்தத் தேடலுக்கு அப்புறம்தான்.

கண்காணிப்பு வேறு, மதிப்பீடு வேறு. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வாரா வாரம், மாதா மாதம் பார்த்து அங்கங்கே சரிசெய்வது கண்காணிப்பு. கொஞ்ச காலம் கழித்து நின்று திரும்பிப் பார்த்து, இதனால்தான் நோய் குறைந்ததா, செய்தது சரியா, தொடரலாமா என்று கேட்பது மதிப்பீடு. கண்காணிப்பு ஒழுங்காக நடக்காத இடத்தில் மதிப்பீடு செய்ய வருகிறவருக்குக் கையில் எதுவும் இருக்காது.

முதலில் சங்கிலியை எழுதுங்கள்

எந்தக் குறியீட்டை, அதாவது திட்டம் எப்படிப் போகிறது என்று காட்டும் எந்த எண்ணை, அளப்பது என்று பட்டியல் போட ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் திட்டம் எந்த வழியாக நோயைக் குறைக்கப்போகிறது என்று படிப்படியாக எழுதுங்கள். யானைக்கால் நோய்க்கு ஊர் முழுவதற்கும் சுற்றுச் சுற்றாக மாத்திரை கொடுப்பதை எடுத்துக்கொண்டால், மாத்திரை வந்து சேர வேண்டும், களப்பணியாளர் வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டில் ஆள் இருக்க வேண்டும், மாத்திரை கைக்குப் போக வேண்டும், வாய்க்குள் போக வேண்டும், இது பல ஆண்டுகள் தொடர வேண்டும், அப்போதுதான் ரத்தத்தில் நுண்புழு குறையும், அப்போதுதான் கொசு வழியாகப் பரவுவது நிற்கும்.

இதில் கைக்கும் வாய்க்கும் நடுவில் உள்ள அந்த ஒரு அடி தூரத்தில்தான் பல சுற்றுகள் வீணாகியிருக்கின்றன. "அப்புறமா சாப்பிடறேன், வெச்சிட்டுப் போங்க" என்று சொன்ன வீடும், பணியாளரின் கண் முன்னாலேயே விழுங்கிய வீடும் ரிப்போர்ட்டில் ஒன்றாகத்தான் தெரியும். கொடுத்தது எத்தனை என்று மட்டும் எண்ணினால் அது மாத்திரை விநியோகத்தின் கணக்கு. மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதம் பேராவது விழுங்கியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு, ஆகவே பணியாளரின் கண் முன்னால் விழுங்கியவர்களைத் தனியாக எண்ணுங்கள்.

சங்கிலியை எழுதிவிட்டால் குறியீடுகள் தானாக வந்துவிடும், ஒவ்வொரு படிக்கும் ஒன்று போதும். 60, 70 குறியீடு வைத்திருக்கும் திட்டங்களை எனக்குத் தெரியும். அவற்றில் பாதியை நிரப்புகிறவரும் படிப்பதில்லை, வாங்குகிறவரும் படிப்பதில்லை. ஒரு குறியீட்டைச் சேர்க்கும் முன்னால், இந்த எண் ஏறினால் யார் என்ன செய்வார், இறங்கினால் யார் என்ன செய்வார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையா, அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதை நிரப்பும் நேரத்தில் அந்தச் செவிலியர் இன்னும் ஒரு நோயாளியைப் பார்ப்பார்.

யாரை நோயாளி என்று எண்ணுகிறீர்கள்

காய்ச்சலோடு தடிப்பு வந்தால் சந்தேகத்துக்குரிய தட்டம்மை, லேபில் தெரியவந்தால் உறுதியான தட்டம்மை. இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டினால் அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தமே இல்லை. வரையறையை ஒரு தாளில் எழுதி எல்லா இடத்திலும் சுவரில் ஒட்டுங்கள். நடுவில் மாற்ற நேர்ந்தால், மாற்றிய தேதியை வரைபடத்திலேயே ஒரு கோடாகப் போட்டுவிடுங்கள்.

இதில் தொழுநோய் பெரிய பாடம். 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று 1991-ல் இலக்கு வைத்தார்கள். எண்ணியது யாரை என்றால், அந்த நேரத்தில் சிகிச்சைப் பதிவில் இருப்பவர்களை. 1990-களின் இறுதியில், கிருமி அதிகமுள்ள வகைக்கு 24 மாதமாக இருந்த கூட்டு மருந்துச் சிகிச்சை 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. சிகிச்சையைக் குறைத்தது நோயாளிக்கு நல்லதுதான். ஆனால் பதிவில் இரண்டு ஆண்டு இருந்தவர் இப்போது ஓர் ஆண்டுதான் இருப்பார், ஒரே ஒரு ஆளுக்குக்கூட நோய் வருவது நிற்காமலேயே எண்ணிக்கை இறங்கிவிடும். அதனால்தான் தொழுநோயில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் எத்தனை, அவர்களில் குழந்தைகள் எத்தனை, கண்ணுக்குத் தெரியும் ஊனத்தோடு வந்தவர்கள் எத்தனை என்று பார்க்கச் சொல்கிறேன். குழந்தைக்கு வந்திருக்கிறது என்றால் நோய் அண்மையில் பரவியிருக்கிறது. ஊனத்தோடு வந்தால் நாம் போய்ப் பார்க்க நாள் கடந்துவிட்டது. விரல் மடங்கிப்போய் வந்து நிற்கும் ஒருவரைப் பார்த்த பிறகு அந்தக் கட்டத்தை வெறும் எண்ணாக நினைக்க என்னால் முடிந்ததில்லை.

கீழே போடும் எண்

பின்னத்தில் மேலே இருக்கும் தொகுதியைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள், கீழே இருக்கும் பகுதியை யாரும் கேட்க மாட்டார்கள். தடுப்பூசி 112 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பாய வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கு பழையதாக இருக்கலாம், பக்கத்துப் பகுதிக் குழந்தைகள் இங்கே வந்து போட்டுக்கொண்டிருக்கலாம், ஒரு வயது தாண்டியவர்களையும் சேர்த்து எண்ணியிருக்கலாம். நூறைத் தாண்டினால் எல்லோரும் கவனிப்பார்கள். அதே தப்பு 95 என்று வந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார், எனக்கு அதுதான் பயம்.

கீழே போடும் அந்த எண்ணை நம்ப முடியாதபோது, அது தேவைப்படாத குறியீடு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். முத்தடுப்பு ஊசியின் முதல் தவணை போட்டவர்கள் 90 பேர், மூன்றாவது தவணைக்கு வந்தவர்கள் 72 பேர் என்றால், 18 பேர் நடுவில் நின்றுவிட்டார்கள், அதாவது 20 சதவீதம். மக்கள்தொகை எத்தனை என்றே தெரியாமல் இதைச் சொல்லிவிடலாம். 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஊருக்கு நேரில் போங்கள். ஒரு தடவை வந்த தாய் மறுபடி வரவில்லை என்றால், அவருக்குத் தடுப்பூசி வேண்டாம் என்பதில்லை, முதல் தடவை நாம் ஏதோ தப்பு செய்திருக்கிறோம் என்றுதான் நான் முதலில் நினைப்பேன். மணிக்கணக்கில் காக்க வைத்தது, அடுத்த தேதியைச் சொல்லாமல் அனுப்பியது, போனபோது மருந்து இல்லை என்றது என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

காசநோயில் வேறொரு குழப்பம். இந்தக் காலாண்டில் பதிவானவர்களையும் இந்தக் காலாண்டில் குணமானவர்களையும் வைத்து வகுப்பார்கள். இரண்டும் வேறு வேறு ஆட்கள். சிகிச்சை குறைந்தது ஆறு மாதம் என்று எடுத்துக்கொண்டாலே, இன்று சேர்ந்தவருக்கு என்ன ஆயிற்று என்பது ஓர் ஆண்டு கழித்துத்தான் முழுதாகத் தெரியும். ஆகவே ஒரே காலாண்டில் சேர்ந்தவர்களை ஒரு குழுவாக வைத்துக் கடைசிவரை பின்தொடருங்கள். குணமானவர், சிகிச்சை முடித்தவர், இறந்தவர், சிகிச்சை பலிக்காதவர், பாதியில் விட்டவர், வேறு இடத்துக்குப் போனதால் முடிவு தெரியாதவர் என்று எல்லோரையும் கூட்டினால் ஆரம்பத்தில் சேர்ந்த எண்ணிக்கை வர வேண்டும். வரவில்லை என்றால் யாரோ சிலர் ரெஜிஸ்டரிலிருந்து விழுந்துவிட்டார்கள், பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தியவர்களாகத்தான் இருப்பார்கள்.

தேடுகிறோமா என்பதையே அளப்பது

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த குறியீடு போலியோ திட்டத்தில் இருக்கிறது. போலியோ இல்லாத ஊரில் போலியோவைத் தேடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குழந்தைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்துபோவது வேறு சில காரணங்களாலும் நடக்கும். 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவராவது அப்படி வருவார். போலியோ அல்லாத அந்த ஒருவரைக்கூட ஒரு பகுதி கண்டுபிடிக்கவில்லை என்றால், போலியோ வந்தாலும் கண்டுபிடிக்காது. அதோடு, தளர்ச்சி தொடங்கி 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மல மாதிரி எடுத்துக் குளிர் குறையாமல் லேபுக்குச் சேர்த்தார்களா என்று பார்ப்பார்கள், 80 சதவீதம் பேரிடமாவது அப்படி எடுத்திருக்க வேண்டும். தட்டம்மையிலும் இதே யோசனைதான். சந்தேகப்பட்டு, பரிசோதித்து, தட்டம்மை இல்லை என்று தள்ளப்பட்டவர்கள் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டில் 2 பேராவது இருக்க வேண்டும்.

உங்கள் திட்டம் எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு தேடல் குறியீடு ஒன்றாவது இருக்கட்டும். மலேரியாவில் அது ஆண்டுக்கு எத்தனை சதவீதம் பேரின் ரத்தம் பார்க்கப்பட்டது என்பது. டெங்குக் கொசுவுக்கு ப்ரெட்டோ குறியீடு போடுகிறீர்கள் என்றால், நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் கொசுப்புழு இருந்தது என்று எழுதுவதோடு, பூட்டியிருந்த வீடுகள் எத்தனை என்றும் எழுதுங்கள்.

பூஜ்யமும் மௌனமும் ஒன்றல்ல

ரிப்போர்ட் அனுப்பாத சுகாதார மையத்தைக் கணினி 0 என்று எடுத்துக்கொண்டால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். நோயாளி யாரும் இல்லை என்றாலும் "0" என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள், வெறும் கட்டம் கூடாது. அனுப்ப வேண்டிய மையங்கள் எத்தனை, அனுப்பியவை எத்தனை, நேரத்துக்கு அனுப்பியவை எத்தனை என்பதை ஒவ்வொரு வாரமும் நோய் எண்ணிக்கைக்கு மேலே, முதல் வரியாகப் போடுங்கள். நான் எந்த ரிப்போர்ட்டை எடுத்தாலும் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன்.

ரெஜிஸ்டரோடு உட்காருங்கள்

மாதம் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு மையத்துக்குப் போய், அவர்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் நகலை ஒரு பக்கமும் ரெஜிஸ்டரை மறு பக்கமும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு குறியீட்டை மட்டும் கையால் எண்ணுங்கள். ரெஜிஸ்டரில் 76 இருக்கிறது, ரிப்போர்ட்டில் 95 என்றால், 76-ஐ 95-ஆல் வகுத்தால் 80 சதவீதம். நூறுக்குக் கீழே வந்தால் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள், மேலே போனால் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். இது ஐந்து நிமிட வேலை. மீதி நேரத்தில் பக்கங்களை நிதானமாகப் புரட்டுங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு மாதம் முழுவதும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு என்றால் அது மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது. வயதெல்லாம் 20, 25, 30, 35 என்று வந்தால் நோயாளியிடம் கேட்காமல் பார்த்து எழுதியது. வாரா வாரம் 12, 12, 12 என்று வந்தால் எண்ணுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அங்கே நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பது முக்கியம். எண்ணைக் குறைத்துக் காட்டியவருக்குப் பாராட்டு, உள்ளபடி எழுதியவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் என்று ஒரு தடவை நடந்துவிட்டால் போதும், அடுத்த மாதத்திலிருந்து உங்களுக்கு உண்மை வராது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பதற்குப் பதிலாக, "இதை எழுதறதுல எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே நோயாளியை நாலு ரெஜிஸ்டரில் எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்வார்கள், அது நியாயமான குறை, தீர்க்கவும் முடியும்.

வாரா வாரம் என்ன செய்வது

வரைபடம் போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் இதே வாரத்தில் என்ன இருந்தது என்று எடுத்து வரிசைப்படுத்தினால், நடுவில் வருவது வழக்கமான அளவு. மேலிருந்து இரண்டாவதாக வருவதை எச்சரிக்கைக் கோடாக வைத்துக்கொள்ளலாம். கொள்ளைநோய் வெடித்த ஆண்டு ஏதாவது நடுவில் இருந்தால் அதை எடுத்துவிட்டு முந்தைய ஆண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் யார், எத்தனை மணி நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்பதைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

நோய் வெடித்த பிறகு நம் வேகத்தை அளக்க 7-1-7 என்று ஒரு அளவு இருக்கிறது. தொடங்கிய 7 நாளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும், 1 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், 7 நாளுக்குள் முதல் கட்ட நடவடிக்கைகளை முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இந்த மூன்று தேதிகளையும் குறித்து, எங்கே தாமதம் என்று பாருங்கள். மாதிரியை லேபுக்கு எடுத்துப்போக வண்டி இல்லாததில் போன நாள்கள் அப்போதுதான் கண்ணில் படும்.

மதிப்பீடு

ஆரம்பிக்கும் முன்னால் நிலைமை என்ன என்று அளந்து வைக்காமல் விட்டால் பிற்பாடு என்ன செய்தும் ஈடுகட்ட முடியாது, அதனால் முதல் ஊசி, முதல் மருந்தடிப்புக்கு முன்பே அடிநிலைக் கணக்கெடுப்பை முடித்துவிடுங்கள்.

முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு, குறைந்தது எல்லாம் திட்டத்தால் என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. திட்டங்களை எப்போது ஆரம்பிக்கிறார்கள் என்று யோசியுங்கள். நோய் உச்சத்தில் இருந்த ஆண்டுக்கு மறு ஆண்டு. உச்சத்துக்கு அடுத்த ஆண்டு, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தால் கொசுவும் குறைந்திருக்கும். ஆகவே ஒப்பிட ஓர் இடம் வேண்டும். திட்டம் போகாத, மற்றபடி ஒத்த பகுதியில் அதே காலத்தில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். இங்கே 100-லிருந்து 60, அங்கே 100-லிருந்து 85 என்றால், திட்டத்தின் கணக்கில் சேர்க்கக்கூடியது 25 தானே தவிர 40 அல்ல. மருந்தை எங்கும் மறுக்கக் கூடாது என்ற கவலை நியாயம்தான். எப்படியும் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் போக முடியாது என்பதால், எந்தப் பகுதி முதலில், எது பிறகு என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தால், பின்னால் வரும் பகுதியே ஒப்பீடாகிவிடும்.

யாரை அளப்பது என்பதிலும் யோசனை வேண்டும். யானைக்கால் நோய் பரவுவது நின்றதா என்று பார்க்க 6, 7 வயதுக் குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். அவர்கள் மருந்து கொடுக்கத் தொடங்கிய காலத்தையொட்டிப் பிறந்தவர்கள். அவர்கள் உடம்பில் தொற்று இருந்தால் அது பழைய பாக்கி அல்ல, இப்போதும் பரவுகிறது.

சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள். மொத்தத்தில் 90 சதவீதம் என்பதற்குள் ஒரு குடியிருப்பில் 40 இருக்கலாம், தட்டம்மை அங்கேதான் போய் உட்காரும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகத் தேறியதா இல்லையா என்று பார்க்க 19 குழந்தைகளை மட்டும் குலுக்கலில் எடுத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது, துல்லியமான சதவீதம் கிடைக்காது, ஆனால் எந்த ஊருக்கு முதலில் ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்புறம், திட்டத்தில் வராதவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

எண்ணைத் திருப்பிக் கொடுங்கள்

ரிப்போர்ட் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும், கீழே எதுவும் வராது. ஒவ்வொரு மையத்துக்கும் அவர்களுடைய வரைபடத்தை ஒரே ஒரு தாளில் மாதா மாதம் திருப்பி அனுப்புங்கள், முடிந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு தடவை நான் அப்படி ஒரு சிறிய மையத்துக்குக் கொண்டுபோனேன். மலேரியா கோடு ஓர் இடத்தில் மூன்று வாரம் தரையைத் தொட்டு மறுபடி எழுந்திருந்தது. நான் அதை மருந்தடித்ததன் பலன் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். லேப் டெக்னீசியன் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார், அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார். "சார், இது மைக்ராஸ்கோப் பல்பு போயிருந்த வாரம். எடுத்த சிலைடெல்லாம் அப்படியே இருக்கு" என்று சொல்லி அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் எண், தேதி, காய்ந்த ரத்தத் தடவல், எல்லாம் ஒழுங்காக வரிசையில் இருந்தன. அன்று சாயங்காலமே பெட்டியை வேறு லேபுக்கு அனுப்பினோம். முடிவு வந்ததும் அந்த மூன்று வாரத்தின் புள்ளிகளை அவரே பேனாவால் மேலே ஏற்றிக் குறித்தார், நான் எழுதி வைத்திருந்த குறிப்பை அடித்தேன்.